பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகுகிறதா? முதலில் டேப்பை மூடிப் பாருங்கள்

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் என்று கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த எந்த வண்டியாக இருந்தாலும் சரி, காலையில் பெட்ரோல் வாடை அடித்து தரையில் ஈரம் தெரிந்தால் பலரும் உடனே கார்புரேட்டரில்தான் கைவைப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. டேங்கின் அடியில் கசிகிற பெட்ரோல் டியூப் மேலேயே வழிந்து இறங்கி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலைச் சுற்றிவந்து, கடைசியில் எஞ்சின் ஓரத்தில் போய்ச் சொட்டும். ஈரத்தின் மேல் நுனி எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அடுப்பையோ சாமி விளக்கையோ தொட்டாலே போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி ஆஃப், பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது, ஒரு வாளி மணல் இருந்தால் நல்லது.

இப்போது டேப்பை (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) ஆஃபில் வைத்து, டேங்கின் அடியிலிருந்து கார்புரேட்டர் வரை பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு. ஆஃபில் இருக்கும்போதே நனைந்தால் கோளாறு டேங்கிலோ டேப்பிலோ. ஆஃபில் காய்ந்தே இருந்து, ஆன் செய்ததும் ஒழுகினால் டியூப் அல்லது கார்புரேட்டர்.

டேங்க் பக்கம் என்றால், நேற்று கழுத்து வரை பெட்ரோல் போட்டு வெயிலில் நிறுத்தினீர்களா என்று முதலில் யோசியுங்கள். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மில்லி பெருகும், அது மூடி வழியாகத்தான் வெளியே வரும். அது கோளாறே இல்லை. மூடி சரியென்றால் டேங்கின் அடி மடிப்பைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலுக்குக் கீழே தங்கும் என்பதால் துரு உள்ளிருந்து அங்கேதான் அரிக்கும், வெளியே பெயிண்ட் கொப்புளித்திருக்கும். ஊசித் துளையானால் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்து மெக்கானிக் கடை வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். அப்புறம், காலி டேங்க்தானே என்று வெல்டிங் கடையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க்தான் ஆபத்து. முறையாகக் கழுவி, ஆவியை வெளியேற்றிய பிறகே நெருப்பு காட்டும் ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

டேப்பைச் சோதிக்க, டியூபின் கார்புரேட்டர் பக்க முனையை மட்டும் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். ஆஃபில் இருந்தும் சொட்டு வந்தால் உள்ளே இருக்கும் ஓட்டை போட்ட ரப்பர் வாஷர் போய்விட்டது. லீவர் ஓரத்தில் கசிந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர்தான். டேங்கோடு சேரும் இடத்தில் கசிந்தால் அங்குள்ள ஓ ரிங். டேப் ரிவெட் அடித்ததாக இருந்தால் பிரிக்க மெனக்கெடாமல் புதிதாக மாட்டிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 80, 90களின் வண்டிகளில் இருக்கும் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. டியூபும் அப்படித்தான், மஞ்சளாகி விறைத்துப்போன பிளாஸ்டிக் டியூபை எவ்வளவு இறுக்கினாலும் கிளிப் பிடிக்காது. பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் டியூப் வாங்குங்கள்.

இனி கார்புரேட்டர். பவுலின் விளிம்பில் ஈரம் என்றால் இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள், நடு அடியில் என்றால் பவுலைக் காலி செய்யும் ட்ரெயின் ஸ்க்ரூவைப் பாருங்கள். பவுலில் அளவுக்கு மேல் ஏறும் பெட்ரோலை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாக ஒழுகுவதுதான் நமக்கு அடிக்கடி வரும் தலைவலி. சைடு ஸ்டாண்டில் மட்டும் ஒழுகி, சென்டர் ஸ்டாண்டில் நின்றுவிட்டால் ஃப்ளோட் (பவுலுக்குள் பெட்ரோலில் மிதக்கும் மிதவை) லெவல் சற்று அதிகமாக இருக்கலாம். எப்படி நிறுத்தினாலும் ஒழுகுகிறதா? ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் பவுலை இரண்டு தட்டு தட்டுங்கள். நின்றுவிட்டால், ஃப்ளோட் மேலே ஏறியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியான நீடிலில் தூசி சிக்கியிருக்கிறது, பவுலையும் டேங்க் ஃபில்டரையும் சுத்தம் செய்தால் போதும்.

நிற்கவில்லையென்றால் பவுலைக் கழற்றுங்கள். நீடிலின் கூர்முனையில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்த நீடில் குப்பைக்கு. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளசளக்கும். இரண்டும் நன்றாக இருந்தும் ஒழுகினால் பவுலுக்குள் நட்டுக்குத்தாக நிற்கும் சின்ன பித்தளைக் குழாயைப் பாருங்கள், இதைப் பல மெக்கானிக்குகளே விட்டுவிடுவார்கள். கழற்றிய பவுலில் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்படி பெட்ரோல் ஊற்றிப் பிடியுங்கள். அப்போதும் ஓவர்ஃப்ளோ வழியாகச் சொட்டினால் குழாயின் அடியில் விரிசல், புது நீடில் எத்தனை போட்டாலும் நிற்காது. சிலிக்கான் பசை தடவும் யோசனை வேண்டாம். பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும்.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியைக் கிளப்பும் முன் இன்னொன்று. பெட்ரோல் வெளியே மட்டும்தான் போனது என்று நினைக்காதீர்கள், எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிக்கர் இறங்காமல் கல் மாதிரி நின்றால் ஏறி மிதிக்காதீர்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரை ஒதுக்கி வைத்துவிட்டு மெதுவாக மிதித்தால் உள்ளே நிற்கும் பெட்ரோல் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சி வெளியேறும், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.