கெர்னல் எழுதக் கருவிகளை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், ஈப்போ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே வார இறுதியில் வீட்டுக்கு வரும் மாணவர்களிடையே, இயங்குதளத்தின் கெர்னலை, அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அதன் மையப் பகுதியை, மூலநிரலிலிருந்து தாமே கட்டிப் பார்க்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. இவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பயன்படுத்திய மடிக்கணினி, கைப்பேசியிலிருந்து பகிரும் இணையம், மாலை இடியோடு வந்துபோகும் மின்சாரம் ஆகியவையே. கெர்னல் வேலையைத் தொடங்க இவை போதும். ஆனால் பலர் முதல் வரியை எழுதும் முன்பே கருவிகளை அமைப்பதில் சலித்துக் கைவிடுகிறார்கள். அவர்களுடைய சிக்கல்களைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். கெர்னலைக் கட்டும் கணினி ஒன்று, அது ஓடப்போகும் கணினி வேறொன்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றைத் தனித்தனியாகவே கருத வேண்டும். இந்த எல்லை எங்கே கலைகிறதோ அங்கேதான் தவறு முளைக்கிறது.

மூலநிரலை இறக்குவதும் வைப்பதும்

லினக்ஸின் முழு வரலாற்றையும் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக இறக்கத் தொடங்குவது முதல் தவறு. அது பல ஜிபி அளவுள்ளது. கிட் குளோன், அதாவது களஞ்சியத்தை முழுதாகப் படியெடுப்பது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. கைப்பேசி இணையத்தில் இரவெல்லாம் ஓடி, விடியும் வேளையில் தொடர்பு அறுந்தால் மாதத்துக்குரிய டேட்டாவும் போய்விடும். கற்றுக்கொள்ள வந்தவருக்கு கெர்னல்.ஆர்க் தளத்தில் கிடைக்கும் சுருக்கிய டார் கோப்பே போதும். அது ஏறத்தாழ 140 எம்பிதான், அறுந்தாலும் தொடர்ந்து இறக்கலாம். வரலாறு வேண்டுமானால் அதே தளம் தரும் குளோன் பண்டில் கோப்பை இறக்கி, அதிலிருந்து களஞ்சியத்தை உருவாக்கி, மிச்சத்தை மட்டும் கிட் ஃபெட்ச் செய்து கொள்ளலாம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் மூலநிரலை சி டிரைவில் விரித்து, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக அதைக் கட்ட முயல்கிறார்கள். லினக்ஸ் மூலநிரலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டுமே தனித்து நிற்கும் கோப்புகள் நெட்ஃபில்ட்டர் என்னும் வலைப்பொதி வடிகட்டும் பகுதியில் உள்ளன. விண்டோஸின் கோப்பு அமைப்பு இயல்பாக அவற்றை ஒன்றாகவே எண்ணுவதால், ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும். நீங்கள் தொடாத கோப்பை மாற்றிவிட்டதாக கிட் சொல்லத் தொடங்கும். வேகமும் படுத்துவிடும். மூலநிரல் லினக்ஸுக்குரிய கோப்பு அமைப்பில், அதாவது டபிள்யூஎஸ்எல்லின் உள்ளேயே, இருக்க வேண்டும்.

கம்பைலர்

உபுண்டு லினக்ஸோடு வரும் ஜிசிசி என்னும் கம்பைலர் (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி), உபுண்டுவில் ஓடும் சாதாரண நிரல்களைக் கட்டுவதற்காக அமைக்கப்பட்டது. அது சி நூலகம் இருக்கிறது என்று எண்ணும். ஸ்டாக் (செயற்கூறுகள் தற்காலிக மாறிகளை வைக்கும் நினைவிடம்) பாதுகாப்புச் சோதனையைக் கேட்காமலே சேர்க்கும். நினைவகத்தில் எங்கு வைத்தாலும் ஓடும் வகையில் நிரலை ஆக்கும். லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போது இவற்றை அதன் மேக்ஃபைல்களே (மேக் என்னும் கட்டுதல் கருவிக்கான கட்டளைக் கோப்புகள்) தக்கபடி மாற்றிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சொந்தமாகச் சிறு கெர்னல் எழுதுபவரோ அதே ஜிசிசியை எடுத்து, கட்டிய துண்டுகளை இணைக்கும் லிங்கர், ஸ்டாக் சோதனைச் செயற்கூறு இல்லை என்று முறையிட்டவுடன், அந்தப் பெயரில் வெற்றுச் செயற்கூறு ஒன்றை எழுதி வாயடைத்துவிடுகிறார். இப்படி ஒட்டுப்போட்ட கெர்னல் சில நாள் ஓடவும் செய்யும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. செய்ய வேண்டியது, லிங்கரும் அசெம்ப்ளரும் அடங்கிய பின்யூட்டில்ஸையும் ஜிசிசியையும் அவற்றின் மூலநிரலிலிருந்து, எந்த இயங்குதளத்தையும் சாராத எல்ஃப் (நிரல்கோப்பு வடிவம்) இலக்குக்கு, ஒருமுறை கட்டி வைத்துக்கொள்வது. பழைய மடிக்கணினியில் இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை செய்தால் போதும். அதற்குப் பின்னும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்காம்ப் ஆகிய நான்கு நினைவகச் செயற்கூறுகளையும் நீங்களே எழுதித் தர வேண்டும். நூலகம் இல்லாத நிலையிலும் ஜிசிசி அவற்றை அழைக்கக்கூடும்.

64-பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலி வகை) கெர்னல் எழுதுபவர் மிகவும் கவனிக்க வேண்டியது ரெட் ஸோன். லினக்ஸில் வழங்கும் 64-பிட் அழைப்பு நெறிப்படி, ஸ்டாக் சுட்டிக்குக் கீழேயுள்ள 128 பைட்டுகளை ஒரு செயற்கூறு சுட்டியை நகர்த்தாமலேயே தன் மாறிகளுக்குப் பயன்படுத்தலாம். சாதாரண நிரலில் இதனால் தீங்கில்லை. கெர்னலிலோ, இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கிட்டுச் செயலியை அழைக்கும் சைகை) வரும்போது செயலி பெரும்பாலும் அதே ஸ்டாக்கில் தன் பதிவேடுகளைத் தள்ளுவதால், அந்த மாறிகள் அழிந்துபோகும். இன்டரப்ட் அந்தக் கணத்தில் வந்தால்தான் பிழை தெரியும். பிழை திருத்த அச்சு வரி ஒன்றைச் சேர்த்தால், அச்செயற்கூறு வேறொன்றை அழைக்கத் தொடங்குவதால் ரெட் ஸோனே பயன்படாமல் போய், பிழையும் மறைந்துவிடும். எனவே ரெட் ஸோன் வேண்டாம் என்னும் விருப்பைத் தொடக்கத்திலேயே கம்பைலருக்குக் கொடுங்கள். கூடவே இணைக்கும் ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியும் அதே விருப்போடு கட்டப்பட்டதா என்று பாருங்கள். பலர் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறக்கிறார்கள்.

பதிப்புப் பொருத்தமின்மையும் இதே வகைதான். பழைய கெர்னலைப் புதிய ஜிசிசியால் கட்டினால் வரும் பிழைகளைக் கண்டு மூலநிரலில் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். ஜிசிசி 10 பொதுமாறிகளைக் கையாளும் முறையை மாற்றியபோது, பழைய கெர்னல்களிலுள்ள டிடிசி கருவி (வன்பொருள் விவரக் கோப்புகளைக் கட்டுவது) இரட்டை வரையறைப் பிழையோடு நின்றது. ஜிசிசி 15 இயல்பாக சி23 மொழிக்கு மாறியபோது, பூல், ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவை மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டதால் பழைய கெர்னல்கள் மீண்டும் முரண்டின. எந்தெந்தக் கருவிக்கு எந்தப் பதிப்பு குறைந்தபட்சம் தேவை என்பது மூலநிரலின் ஆவணக் கோப்புறையிலேயே பட்டியலிடப்பட்டிருக்கிறது. யூடியூப் காணொளியைப் பார்த்துக் கட்டளைகளைப் படியெடுப்பவர்கள் அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. எம்ஐடி பாடத்துக்குரிய எக்ஸ்வி6 கெர்னலைப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல்: அது 2019-இல் எக்ஸ்86-ஐ விட்டு ரிஸ்க்-வி செயலிக்கு மாறிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து 32-பிட் இன்டெல் கருவிகளை நிறுவினால் புதிய மூலநிரலோடு அவை ஒத்துவரா.

ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் பலகைக்குக் கட்டுபவர்கள், செயலியின் வகையையும் கம்பைலரின் முன்னொட்டையும் முதல் மேக் கட்டளையில் கொடுத்துவிட்டு அடுத்ததில் விட்டுவிடுகிறார்கள். அப்போது மேக், உங்கள் மடிக்கணினிக்கே கட்டுவதாக எண்ணி கான்ஃபிக் கோப்பை (கெர்னலில் எவை சேர வேண்டும் என்னும் தேர்வுப் பட்டியலை) எக்ஸ்86-க்கு மாற்றி எழுதிவிடும். இரண்டையும் ஷெல்லின் சூழல் மாறிகளாக வைத்துவிடுவது நல்லது. முன்னொட்டின் இறுதியிலுள்ள சிறு கோட்டையும் விடக்கூடாது.

கான்ஃபிக்கும் கட்டுதலும்

ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பை அப்படியே படியெடுத்துக் கட்டத் தொடங்குவது பரவலான பழக்கம். அந்தக் கோப்பு உலகிலுள்ள எல்லாக் கணினிகளுக்குமாக கெர்னலில் தேவைக்கு ஏற்றிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான மாட்யூல்களைக் கேட்கும்; பிழைதிருத்தத் தகவலோடு கட்டினால் வட்டில் 20 ஜிபியைத் தாண்டும்; இறுதிக் கட்டத்தில் லிங்கரும், பிழைதிருத்தத் தகவலைக் கையாளும் பாஹோல் கருவியும் நினைவகத்தை விழுங்க, 4 ஜிபி மட்டுமே உள்ள கணினி திணறி நின்றுவிடும். உபுண்டு தன் சான்றிதழ்க் கோப்பையும் அதில் குறித்திருப்பதால், அந்தக் கோப்பு இல்லையென்று கட்டுதல் நடுவழியில் அறுவதும் உண்டு. கற்பதற்கு மேக் டெஃப்கான்ஃபிக் தரும் இயல்புத் தேர்வுக் கோப்பிலிருந்து தொடங்குவதே அறிவு. அதைத் தன் கணினியிலேயே ஓட்ட வேண்டியவர் லோக்கல்மாட்கான்ஃபிக் பயன்படுத்தலாம். ஆனால் அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டுமே சேர்க்கும் என்பதால், வைஃபை டாங்கிள், யுஎஸ்பி வட்டு முதலியவற்றைச் செருகிய பிறகே அதை ஓட்ட வேண்டும்.

கட்டுவதற்குத் தனிக் கோப்புறையைக் குறிப்பிடுங்கள். மூலநிரல் கோப்புறையிலேயே ஒருமுறை கட்டிவிட்டால், பின்னர் தனிக் கோப்புறைக்கு மாறும்போது மேக், எம்ஆர்ப்ராப்பர் என்னும் முழுத் துப்புரவைச் செய்யச் சொல்லும். அது கான்ஃபிக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடும் என்பதை அறியாமல் இரண்டு மாலை உழைப்பை இழந்தவர்கள் உண்டு. ரூட் உரிமையோடு கட்டுவதும் தேவையற்றது. நிறுவும் கட்டத்துக்கு மட்டும் அது போதும்.

நம் ஊருக்குரிய தொல்லை ஒன்றும் உண்டு. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய், பேட்டரி செத்த மடிக்கணினி பட்டென்று அணைந்தால், எழுதப்பட்டுக்கொண்டிருந்த சில ஆப்ஜெக்ட் கோப்புகள் (கட்டிய துண்டுகள்) பூஜ்ஜிய அளவில் வட்டில் தங்கிவிடக்கூடும். மேக் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்குமே தவிர உள்ளடக்கத்தைப் பார்க்காது. ஆகவே மறுபடி கட்டினால் அவற்றை முடிந்த வேலையாகவே கொள்ளும். லிங்கர் பின்னர் புரியாத பிழைகளைக் கொட்டும். மின்வெட்டுக்குப் பின் பூஜ்ஜிய அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி நீக்கிவிட்டுத் தொடர வேண்டும். முன்பு கட்டியவற்றைச் சேமித்து வைக்கும் சிகேஷ் நிறுவியிருந்தால் மேக் கிளீன் செய்து முதலிலிருந்து கட்டினாலும் பெரும் நேரம் போகாது.

ஓட்டிப் பார்த்தல்

புதிதாகக் கட்டிய கெர்னலை அன்றாடம் பயன்படுத்தும் கணினியிலேயே நிறுவிப் பார்ப்பதுதான் எல்லாவற்றினும் பெரிய தவறு. வீட்டுப்பாடமும் படங்களும் இருக்கும் ஒரே கணினி அது என்றால் சொல்லவே வேண்டாம். கியூஈஎம்யூ என்னும் மெய்நிகர் கணினியில் பிசட்இமேஜ் (துவக்கத்துக்கான சுருக்கிய கெர்னல்) கோப்பை நேரடியாகக் கொடுத்து, கன்சோலைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பினால், கெர்னல் விழுந்தாலும் ஒரு சன்னல் மட்டுமே விழும். வேகம் மிகக் குறைவாக இருந்தால், பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் உங்கள் பயனர் கணக்கு, அந்த வசதியைப் பயன்படுத்த உரிமை தரும் கேவிஎம் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிழைதிருத்தக் கருவியான ஜிடிபியை இணைத்தும் பிரேக்பாயின்டில் (நிறுத்தக் குறித்த இடத்தில்) நிற்கவில்லை என்பது அடிக்கடி கேட்கும் முறையீடு. கெர்னல் ஒவ்வொரு முறையும் தன் முகவரியை மாற்றிக்கொள்ளும் வசதி இயங்கிக்கொண்டிருப்பதே பொதுவான காரணம். துவக்கக் கட்டளையில் நோகேஏஎஸ்எல்ஆர் சேர்த்தால் சரியாகும். துவக்கத்தின் தொடக்கப் பகுதியில் நிறுத்த வேண்டுமானால் வன்பொருள் பிரேக்பாயின்ட் வைக்க வேண்டும். ஜிடிபிக்கு பிசட்இமேஜைக் கொடுப்பதால் பயனில்லை; குறியீடுகள் இருப்பது சுருக்காத கெர்னலான விஎம்லினக்ஸ் கோப்பில்தான்.

எடிட்டர்

விஎஸ் கோடில் கோப்பைத் திறந்தவுடன் சிவப்புக் கோடுகள் நிறைவது, எடிட்டருக்கு உங்கள் கட்டுதல் விருப்புகள் தெரியாததால். கெர்னல் தானே தரும் கம்பைல் கமாண்ட்ஸ் பட்டியலை மேக் வழியாக உருவாக்கி, எடிட்டருக்காக நிரலைப் பகுத்துத் தரும் கிளாங்டியிடம் கொடுத்தால் பெரும்பாலான கோடுகள் மறையும்; ஜிசிசிக்கு மட்டுமே உரிய சில விருப்புகளை கிளாங்டி அறியாது, அவற்றை அதன் அமைப்புக் கோப்பில் நீக்கச் சொல்ல வேண்டும். டேபை இடைவெளிகளாக மாற்றும் பழக்கத்தையும், சேமிக்கும்போது கோப்பு முழுவதும் வரி இறுதி இடைவெளிகளை நீக்கும் பழக்கத்தையும் இந்தக் கோப்புறைக்கு மட்டுமாவது நிறுத்துங்கள். லினக்ஸின் எழுத்துநடை எட்டு எழுத்து அகல டேபைக் கேட்கிறது. நீங்கள் தொடாத வரிகள் பேட்சில் (நீங்கள் அனுப்பும் மாற்றங்களின் கோப்பில்) தோன்றினால் அதைப் படிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

பேட்சை ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேபுகள் இடைவெளிகளாக மாறிவிடும். கிட் சென்ட்-இமெயில் கட்டளையை அமைத்து, முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்த மடலைக் கிட் ஏஎம் வழியாக வேறொரு கிளையில் பொருத்திப் பாருங்கள். அங்கே ஒட்டினால்தான் கெர்னலைப் பராமரிப்பவரிடமும் ஒட்டும்.