ஹாட் வீல்ஸ் காருக்கு ரப்பர் டயரும் புதுப் பெயின்டும்

கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரில் இருப்பது பிளாஸ்டிக் சக்கரம். அதைக் கழற்றி ரப்பர் டயர் போட்டாலே இந்த 1:64 காரின் (நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு அளவு) முகம் மாறிவிடும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சக்கரம், பிறகுதான் பெயின்ட். டயர் உரசாமலிருக்க பாடியை உள்பக்கம் அராவ வேண்டிவரும். பெயின்ட் அடித்தபின் அரத்தைத் தொட்டால் சக்கர வளைவின் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்துவிடும்.

காரைக் கவிழ்த்தால் பேஸில் (அடித்தகட்டில்) அதைப் பாடியோடு பிணைக்கும் ரிவெட் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் நடுவில் சென்டர் பஞ்சால் (குழி போடும் கூர்முனைக் கருவி) ஒரு தட்டு தட்டுங்கள். இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கும். முதலில் 1.6 மி.மீ. பிட்டால் 4, 5 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். அதற்குமேல் போனால் சில கார்களில் பானெட்டையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்து 3.5 மி.மீ. பிட், ரிவெட்டின் தலை வளையம்போலக் கழன்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓட்டினால் ரிவெட்டுக்கு அடியில் பாடியோடு சேர்ந்திருக்கும் தூண் குட்டையாகி, பேஸ் ஆடும். அந்த 1.6 துளையில் எம்2 டேப்பால் (2 மி.மீ. திருகாணிக்கு மரை வெட்டும் கருவி) மரை போட்டுவிட்டால் பிறகு திருகாணி போட்டே மூடலாம். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று திருப்புங்கள். பாடி துத்தநாகக் கலவை, அவசரப்பட்டால் தூண் விரிசல் விடும்.

பழைய சக்கரத்தைக் கழற்றும் முன், ஒரு பக்க டயரின் வெளிமுகத்திலிருந்து மறுபக்க வெளிமுகம் வரை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்தையும் அளந்துவிடுங்கள். புதுச் சக்கரம் 1 மி.மீ. பெரிதானால் கார் அரை மி.மீ. உயரும், டயர் வளைவிலும் முட்டும். கார் தாழ்ந்து நிற்பதுதான் அழகு. அதற்குப் பேஸில் ஆக்சில் (சக்கர அச்சு) உட்காரும் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள், ஒவ்வொரு தடவையும் பாடியை வைத்துப் பாருங்கள்.

ஆக்சிலை நேராகப் பேஸில் ஒட்டக்கூடாது. அது தடையின்றிச் சுழலும் அளவுக்கு ஒரு பித்தளை டியூபை வெட்டி, அதைத்தான் பள்ளத்தில் ஒட்ட வேண்டும். இரு பக்கமும் சக்கரத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அது தண்ணீர்போல ஓடி டியூபுக்குள் இறங்கி ஆக்சிலைப் பூட்டிவிடும். எபாக்ஸி போட்டு, இறுகும் முன் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் காரை நிறுத்துங்கள். ஒவ்வொரு டயருக்கு அடியிலும் காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தால் எது அந்தரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி பெயின்ட். கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாடியில் மட்டும் பெயின்ட் ரிமூவர் ஜெல் தடவுங்கள். கையுறை அவசியம், வேலை மொட்டைமாடியில். பெயின்ட் சுருங்கிக் கிளம்பியதும் பழைய டூத்பிரஷ் போதும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் யோசனை கூடாது, துத்தநாகத்தை அது அரித்துக் கருக்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காய்ந்தபின் வெறும் விரல் படவேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பிரைமர் பிடிக்காது.

20 செ.மீ. தள்ளி நின்று பிரைமர் இரண்டு மெல்லிய கோட், நிறம் மூன்று. ஒரே கோட்டில் மூட நினைத்தால் கதவுக் கோடுகள் நிரம்பி, கார் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். மழைநாளில் லாக்கர் வகை பெயின்ட் அடித்தால் ஈரம் சிக்கி வெளிறும். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கும். கடைசிவரை ஒரே வகை பெயின்ட்டாக இருக்கட்டும்.

முகப்பு விளக்குக்கு வெள்ளி நிறம், பல்குச்சி முனையால். டிகால் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால் ஒருநாள் காயவிட்டு, கிளியர் கோட்டின் முதல் சுற்றைத் தூசிபோல மட்டும் தூவுங்கள், ஈரமாக அடித்தால் டிகால் கரைந்து சுருளும்.

கண்ணாடியை ஒட்ட வெள்ளை ஃபெவிகால். ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் உள்ளே பனி படிந்ததுபோல் வெளுக்கும், துடைத்தாலும் போகாது. கடைசியில் எம்2 திருகாணி. சக்கரத்தை விரலால் சுழற்றிக்கொண்டே இறுக்குங்கள், சுழற்சி கனக்கத் தொடங்கினால் கால்சுற்று தளர்த்துங்கள்.