அரசு அலுவலக ஆவணங்களை ஆய்வு செய்வது எப்படி? முதன்முறை போகிறவருக்கு

ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறைக்கு முதன்முறை ஆய்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். அலமாரிகள் வரிசையாக நிற்கின்றனவா, கோப்புகளின் முதுகில் எண் ஒட்டியிருக்கிறதா, தூசி துடைத்திருக்கிறதா என்று பார்த்து, "பராமரிப்பு நன்று" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். நாள் குறித்துக் கடிதம் அனுப்பிவிட்டுப் போனால் எந்த அலுவலகமும் துடைத்துத்தான் வைத்திருக்கும்.

பார்க்க வேண்டியது வேறு. இன்று எடுத்த ஒரு முடிவைப் பற்றி, அதில் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போன பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் வந்து "இது ஏன், யாரால், எதை வைத்து முடிவானது?" என்று கேட்கிறார். அலுவலகத்தால் உரிய காகிதத்தை எடுத்து நீட்ட முடியுமா? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காகத்தான்.

படி 1: போகும் முன் ஒரு பட்டியல் போடுங்கள்

அந்த அலுவலகம் செய்யும் வேலைகளை முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன ஆவணங்கள் உருவாகியே தீர வேண்டும் என்று எழுதுங்கள். கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகம் என்றால் விண்ணப்பம், வரைபடம், கட்டண ரசீது, களஆய்வுக் குறிப்பு, ஆணை, மேல்முறையீடு. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் போனால் அவர்கள் காட்டுவதை மட்டுமே பார்ப்பீர்கள். இல்லாத காகிதம் கண்ணில் படாது.

கூடவே அந்த அலுவலகத்துக்குப் பொருந்தும் சட்டத்தையும், எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் காப்புக்கால அட்டவணையையும் படித்துவிடுங்கள். உலகளாவிய அளவுகோல் ஒன்று வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் ஆவண மேலாண்மைத் தரநிலை 15489 இருக்கிறது, 2001-ல் வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது. நல்ல ஆவணத்துக்கு நான்கு இயல்புகளை அது சொல்கிறது: உண்மையானதாக, நம்பத்தக்கதாக, மாற்றப்படாததாக, பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசி இயல்பைத்தான் பலர் மறக்கிறார்கள். பத்திரமாக இருந்தும் தேடி எடுக்க முடியாத கோப்பு, இல்லாத கோப்புக்குச் சமம்.

அலுவலகம் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுதிய அறிக்கை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2009 முதல் அரசுத் துறைகளிடமிருந்து இத்தகைய சுயமதிப்பீடுகளைக் கேட்டு வாங்குகிறது. எங்கே தோண்டலாம் என்பதற்கு அது நல்ல குறிப்பு. சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: பதிவறைப் பொறுப்பாளரைப் பிடியுங்கள்

அலுவலகத் தலைவரைச் சந்திப்பது மரியாதை. அதற்கு அரை மணி நேரம் போதும். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, எந்த அதிகாரி கோப்பைத் திருப்பித் தர மாட்டார் என்பதெல்லாம் பதிவறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல் பேசினால் வாய் திறக்க மாட்டார்.

படி 3: இரண்டு திசையிலும் சோதியுங்கள்

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பதிவேட்டிலிருந்து 20 பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு அலமாரியிலிருந்து 20 கோப்புகளை நீங்களே உருவி, அவை பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் சோதனை தொலைந்தவற்றைக் காட்டும். இரண்டாவது சோதனை, கணக்கில் வராமலே உயிர்வாழும் கோப்புகளைக் காட்டும். ஒரு திசையில் மட்டும் சோதித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

எதை எடுப்பது என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றை எடுங்கள். மீதியை வேண்டுமென்றே கடினமானவையாகப் பொறுக்குங்கள். மிகப் பழையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, நீதிமன்றம் போனது ஒன்று, புகார் வந்தது ஒன்று, இடமாறிப் போன அதிகாரி கையாண்டது ஒன்று. ஒவ்வொன்றும் வர எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"அந்தக் கோப்பு மேலே சாரிடம் இருக்கிறது" என்ற பதில் கட்டாயம் வரும். சரி என்று தலையாட்டாதீர்கள். கோப்பை எடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு அலமாரியில் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாடிப்படி ஏறுங்கள். நான் ஏறிய முறைகளில் பாதிக்கு மேல் அங்கே கோப்பு இல்லை.

படி 4: கோப்பைத் திறந்து படியுங்கள்

பக்க எண்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா? 41-க்குப் பிறகு 44 வந்தால் நின்று கேளுங்கள். குறிப்புப் பகுதியில் ஒருவர் "ஏற்கலாகாது" என்று எழுதியிருக்க, அடுத்த வரியிலேயே காரணம் எதுவும் இல்லாமல் "ஏற்கப்பட்டது" என்று இருக்கிறதா? நடுவில் ஒரு தொலைபேசிப் பேச்சோ கூட்டமோ நடந்து, அது எழுதப்படாமல் போயிருக்கலாம். ஆறு மாதத்துப் பதிவுகள் எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு திருத்தமும் இல்லாமல் இருந்தால், ஆய்வுக்கு முந்தின நாள் உட்கார்ந்து நிரப்பியதோ என்று சந்தேகப்படலாம். சந்தேகம் சான்றாகாது, தபால் முத்திரை, ரசீது எண் போன்ற வேறொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே எழுதுங்கள்.

படி 5: அழித்தவற்றின் கணக்கைக் கேளுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இது. இருக்கும் கோப்புகளைவிட அழிக்கப்பட்ட கோப்புகள் அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்லும். அழிப்புப் பதிவேட்டில் சிலவற்றை எடுத்து, அட்டவணைப்படி காலம் முடிந்ததா, அனுமதித்தவர் யார், அழித்ததற்குச் சான்று உண்டா, அந்தச் சமயத்தில் அது தொடர்பான வழக்கோ விசாரணையோ நடந்துகொண்டிருந்ததா என்று பாருங்கள்.

பிரிட்டனில் நடந்ததை நினைவில் வையுங்கள். கரீபியத் தீவுகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தவர்களின் வருகைச் சீட்டுகளை அந்நாட்டு உள்துறை 2010-ல் அழித்தது. பின்னாளில் அவர்களில் பலரிடம், அவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கப்பட்டது. 2018-ல் அது பெரும் அரசியல் சர்ச்சையாக வெடித்தது. "பழைய காகிதம், யாருக்கு வேண்டும்?" என்று யாராவது சொன்னால் இந்தச் சீட்டுகளைச் சொல்லுங்கள்.

பதிவேடே இல்லாமல் அழிப்பது இன்னொரு வகை. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை, 1989-ல் ஆட்சி சரிந்தபோது கோப்புகளை அவசரமாகக் கிழித்தது. இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் கையாலும் கிழித்தார்கள். சுமார் 16,000 சாக்குகள் நிறையக் காகிதத் துண்டுகள் மிஞ்சின. அவற்றை ஒட்டவைக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது.

படி 6: கணினியில் இருப்பதையும் கேளுங்கள்

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம்" என்றால், பத்து ஆண்டுக்கு முந்திய ஒரு கோப்பை உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் தெரிந்தவர் விடுப்பில் இருக்கிறார் என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். தினசரி காப்புப் பிரதி எடுக்கிறோம் என்பது வேறு, ஆவணமாகப் பேணுகிறோம் என்பது வேறு. முன்னது கணினி கெட்டால் மீட்பதற்கு, பின்னது பல ஆண்டு கழித்தும் தேடி எடுத்துச் சான்றாகக் காட்டுவதற்கு. பல தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை.

மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்திகளும் இன்னும் சிக்கல். வேலையை விட்டுப் போனவரின் அஞ்சல்பெட்டி என்ன ஆனது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2014-ல் வந்த சட்டத் திருத்தம், தனிப்பட்ட கணக்கிலிருந்து அலுவல் செய்தி அனுப்பினால் 20 நாட்களுக்குள் அதன் பிரதியை அலுவலகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. நீங்கள் ஆய்வு செய்யும் அலுவலகத்தில் அப்படி ஏதாவது விதி உண்டா, அதை யாராவது ஒருமுறையாவது பின்பற்றியிருக்கிறார்களா?

படி 7: தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள்

தண்ணீர்க் குழாய், கசிவுக் கறை, தொங்கும் மின்கம்பி. ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்த ராணுவப் பணியாளர் ஆவண மையத்தில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்குப் பிரதியும் இல்லை, நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) இல்லை. தப்பிய காகிதங்களிலும் பல, தீயணைத்த தண்ணீரில் நனைந்தவை.

படி 8: அறிக்கை

பெயரடைகளை வெட்டுங்கள். "பராமரிப்பு திருப்திகரமாக இல்லை" என்று எழுதினால் யாரும் எதையும் திருத்த மாட்டார்கள். "கேட்ட 20 கோப்புகளில் 7 கிடைக்கவில்லை, அவற்றில் 3 நிலுவையில் உள்ள வழக்குகள் தொடர்பானவை" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் மீறப்பட்ட விதி, கண்ட சான்று, செய்ய வேண்டியது, செய்ய வேண்டியவர், கெடு ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். வரைவை அலுவலகத்துக்கு அனுப்பித் தகவல் பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். முடிவைப் பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள்.

கெடு முடிந்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி போங்கள். "சரிசெய்யப்பட்டது" என்ற பதில் கடிதத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, அந்த 7 கோப்புகளின் எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பதிவறைக்காரரிடம் நீட்டுங்கள்.