வெளிநாட்டு நண்பருக்குப் பலகாரம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி வந்தால் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் இங்கே அலுவலகத்துக்குப் பலகார டப்பாவோடு வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. கூடவே வயிற்றில் ஒரு பதற்றமும் வருகிறது. எங்கள் தலைமுறை வந்த புதிதில் என்னென்ன தவறுகள் செய்ததோ, அதையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். காரத்தைக் குறையுங்கள், நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

"சைவம்தான், தைரியமா சாப்பிடுங்க"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்மணிக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பிச் சிறுகுடலைத் தாக்கும். அவர் முறையாகத்தான் கேட்டார்: "இதில் கோதுமை இருக்கிறதா?" முறுக்கு கொண்டுவந்த பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லவே இல்லை, அரிசி மாவும் உளுந்தும்தான்." தனக்கும் சாப்பிட ஒன்று கிடைத்ததே என்று அவர் ரசித்துச் சாப்பிட்டார், செய்முறையும் கேட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

"பெருங்காயம் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "ஒரு துளிதானே அக்கா" என்றான். வீட்டுக்குப் போய் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோந்து, மைதா, பெருங்காயம் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் உண்டு, ஆனால் படித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். அவனுக்கு இது தெரியாமல் இருந்ததில் தப்பில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொன்னான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "சரியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

நமக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய கேள்வி ஒன்றுதான்: சைவமா, அசைவமா? இங்கே ஒருவர் கேட்பதற்கு வேறு காரணங்கள் இருக்கும். பால்கூடச் சேர்க்காத வீகன் நண்பருக்கு மைசூர்பாகு ஆகாது, ஏனென்றால் நெய் பாலிலிருந்து வருவது. முந்திரி ஒவ்வாமை உள்ளவருக்கு லட்டின் மேலே முந்திரி தெரியவில்லை என்பது போதாது. உள்ளே உடைத்துப் போட்டிருப்போம். இல்லையென்றால் முந்திரி அரைத்த அதே மிக்ஸியில் சர்க்கரையைப் பொடித்திருப்போம். இந்த ஒவ்வாமை கடுமையாக இருந்தால் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு விற்பவர்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். அந்தப் பட்டியலில் வேர்க்கடலை, பால், முந்திரி வகைகளோடு எள்ளும் இருக்கிறது, கடுகும் இருக்கிறது. அதாவது நம் முறுக்கும் தாளிப்பும் அதற்குள் வருகின்றன. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயையும் மறக்காதீர்கள். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் கடலையின் புரதம் அநேகமாக நீங்கிவிடும், செக்கெண்ணெயில் அது தங்கியிருக்கும். நம்மில் பலர் "ஆரோக்கியம்" என்று தேடி வாங்குவது செக்கெண்ணெயைத்தான்.

வீட்டுப் பலகாரத்துக்கு லேபிள் கிடையாது. அதனால் நீங்களே ஒரு சீட்டு எழுதி டப்பாமேல் ஒட்டுங்கள். முறுக்கு: அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், கோதுமை கலந்த பெருங்காயம், பொரித்தது கடலை எண்ணெயில். அவ்வளவு போதும். கடையில் வாங்கியதை அழகான பாத்திரத்துக்கு மாற்றினாலும் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அம்மா அனுப்பியதா, போன் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது முறை வற்புறுத்துவது

வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தீபாவளி லேகியம்

சாக்லேட் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் போட்ட மருந்து என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கேட்டால் மட்டும் கொடுங்கள்.

நோன்பு நேரத்தில் எதிரே போய் நீட்டுவது

ரம்ஜான் மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2030-ல் பொங்கலே நோன்பு மாதத்துக்குள்தான் வருகிறது. சர்க்கரைப் பொங்கலைக் காலையில் கொண்டுபோய் வைத்து, "ஒரு வாய்" என்று நண்பரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு மாலையில் கொடுத்தால், நோன்பு திறந்ததும் குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். இப்படிக் கொடுத்துப் பழகிய வீடுகளிலிருந்து பெருநாளன்று நமக்கும் ஒரு பாத்திரம் வரும்.

நரகாசுரன் கதை

இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.

காலி டப்பா திரும்பி வந்தது என்று வருந்துவது

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் வழக்கம். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்களுக்கு மரியாதை. ஒரு தங்கை இதையே மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த பண்டிகைக்குத் தன் பக்கத்து வீட்டுக்குப் பலகாரமே கொடுக்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டியோ, இந்த முறை ஏன் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லையா என்று என்னிடம் விசாரித்தார்.

அவர்கள் கொடுப்பதை வாங்கிக் குப்பையில் போடுவது

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பும் பிராந்தியும் சேரும். இப்போது தாவரக் கொழுப்பில் செய்ததும் கடைகளில் கிடைக்கிறது. மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பொதுவாக ஜெலட்டின் உண்டு, அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சீனர்களின் பண்டிகை இனிப்பான மூன்கேக்கில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். நீங்கள் சாப்பிடாதது எது என்பதைப் பண்டிகைக்கு முன்பே, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எங்களுக்கென்று தாவரக் கொழுப்பில் செய்த புட்டிங்கைத் தேடி வாங்கி, லேபிளைக் கிழிக்காமல் கொண்டுவந்து, அதில் எந்த வரியைப் படிக்கவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார் ஒரு நண்பர்.