ஏலகிரி வளைவில் வாந்தி நின்றது

கல்யாணமான புதுசில் வேலூரிலிருந்து ஏலகிரி கிளம்பினோம். வழியில் ஆம்பூர் பிரியாணி, மலையேற பஸ்ஸில் கடைசி சீட். 14 கொண்டை ஊசி வளைவில் நாலாவதிலேயே மனைவிக்கு முகம் வெளுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

குனிந்து செல்போன் பார்த்ததுதான் வினை. கண்ணுக்கு அசைவே தெரியாது, உள்காதோ ஒவ்வொரு திருப்பத்தையும் உணரும், மூளை குழம்பிவிடுகிறது.

போன பொங்கல் லீவில் காட்பாடியிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை போனோம். காலையில் ரெண்டே இட்லி. மலை பஸ்ஸில் முன்சீட், பார்வை தூரத்து ரோட்டில், கையில் நகத்தால் கீறிய எலுமிச்சை. அந்த வாசனை அவளுக்குத் தெம்பு. பாரி, ஓரி என்று வளைவுப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பிரியாணியைத் திரும்பும்போது வைத்துக்கொண்டோம்.

"ஏங்க, அடுத்த லீவுக்கும் இங்கேயே வரலாமா?" என்றாள்.