கண்டாங்கித் துண்டில் குட்டிக் குயில்ட்: எங்கே கை தவறுகிறது?

மரப்பாச்சிக்குப் போர்த்துகிற அளவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குயில்ட், அதாவது துண்டுகளை இணைத்த மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. அரை நாளில் முடித்துவிடலாம் என்றுதான் உட்காருவோம். பெரிய போர்வையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யார் கண்ணிலும் படாது. இதில் பளிச்சென்று தெரியும்.

ஒன்பது கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்றாகச் சதுரங்களை இணைக்கும் பழைய வடிவம். தைத்து முடித்ததும் ஒவ்வொரு கட்டமும் அரை அங்குலம் இருக்க, சுற்றிலும் கால் அங்குலம் விட்டு ஒரு அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். அப்படியானால் வெட்டிய துணியில் முக்கால் பங்கு பின்பக்கம் போய்விடுகிறது! அது மேடு கட்டுமே என்று பயந்து முதலிலேயே ஒட்ட வெட்டிவிடுவது பெரிய தவறு. கைத்தறித் துணி ஓரம் பிரிந்து, தையலோடு கழன்று வரும். கால் அங்குலத்தில் தைத்துவிட்டு, அப்புறம் அதைப் பாதியாக நறுக்குங்கள். கண்ணளவையும் நம்பவேண்டாம். பின்பக்கம் பென்சிலால் அரை அங்குலச் சதுரம் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டுங்கள். நடுக்கட்டத்துக்கு இரண்டு பக்கமும் தையல் உண்டு. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கட்டம் பத்தரையாகச் சுருங்கிவிடும். பிறகு மூலைக்கு மூலை எப்படிச் சேரும்?

அடுத்தது துணி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கு அழகே பெரிய கட்டமும் அகலக் கரையும்தான். அரை அங்குலத்துக்குள் அந்தக் கட்டம் அடங்காது. ஒற்றைக் கோடு மட்டும் கோணலாக வந்து விழும். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் வெறும் நிறத்தை வெட்டி எடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவையும் வளைவையும் அப்படியே துணியில் கொண்டுவர ஆசை வரும். முதல் குயில்ட்டுக்கு அது வேண்டாம். அதே கற்களில் சதுரமும் சாய்சதுரமும் நிறைய இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.

பழைய சேலையில் உட்காருகிற பாகம் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நூல் விலகாத இடத்தில் வெட்டுங்கள்.

சாயத்தில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். அப்பத்தாவின் அரக்குச் சேலைத் துண்டையும் மாம்பழ மஞ்சளையும் அலசாமல் சேர்த்துத் தைத்தேன். முதல் அலசலிலேயே மஞ்சள் கட்டங்களின் ஓரமெல்லாம் செம்மண் நிறம் ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, ஈரத்துணியை வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பாருங்கள். கறை படியவில்லை என்றால் மட்டும் வெட்டுங்கள். சுருங்க வேண்டியதும் அந்த அலசலிலேயே சுருங்கிவிடும்.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம், தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். பழைய வேட்டித் துண்டு ஒன்று போதும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்ந்துவிடும், தூக்கித் தூக்கி அழுத்துங்கள். நூல் ஒற்றையாகவும் முழ நீளத்துக்கு மிகாமலும் இருக்கட்டும். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும்போது நெருக்கி நெருக்கிப் போட்டால் அட்டை மாதிரி ஆகிவிடும். பொம்மைக் கட்டிலில் விரித்துப் பாருங்கள். ஓரம் துவண்டு தொங்கினால் தையல் அளவாக இருக்கிறது. விறைத்துக்கொண்டு நின்றால், ஒரு வரி விட்டு ஒரு வரி பிரித்துவிடுங்கள்.