இருட்டுக் காட்சி தெரிய டிவியை எப்படி வைப்பது?

த்ரில்லரில் பாதிப் படம் இருட்டில்தான் ஓடும். கடையிலிருந்து வந்த செட்டிங்கிலேயே விட்டால் டிவி அதைக் கெடுத்துவிடும். பிக்சர் மோடை ‘சினிமா’ என்று மாற்றுங்கள். முதலில் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். அடுத்து மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுநடுவே தானாக ஃபிரேம் செருகினால் மாயாஜாலப் படத்து டிராகன்கூட சீரியல் செட்டில் நிற்பதுபோல ஆகிவிடும். இந்த வசதியை யார் கேட்டார்களோ!

கறுப்புக் கோட்டு சுவரோடு கலந்துபோனால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். துணியின் மடிப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பரில் மாலை ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும். அதனால் அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேற்கு ஜன்னல் உள்ள அறையென்றால் எட்டு மணிக்குமேல் இதைச் செய்யுங்கள்.

பழைய டிவிடியைக் கணினியில் போட்டு, தனியாக எடுத்த சப்டைட்டிலைச் சேர்க்கிறீர்களா? தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகப் பின்தங்கினால், டிலேயை (சப்டைட்டில் முழுவதையும் ஒரே அளவு முன்பின் தள்ளும் வசதி) மாற்றிப் பயனில்லை. தென்னாப்பிரிக்காவின் PAL என்ற டிவி முறை டிவிடியில் 24 ஃபிரேம் படம் விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடுவதால் 120 நிமிடப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். 25 ஃபிரேமுக்கான சப்டைட்டிலையே தேடி எடுங்கள்.